டாக்டர் பட்டத்திற்குப் பின்: தேசிய ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிப் பணி

தென் டில்லியிலுள்ள கிட்வாய் நகர், நெடுங்காலமாக மத்திய அரசு ஊழியர் குடியிருப்பாக அறியப்பட்டது. நிரந்தரப் பணியும் அரசு வீடும் தரும் பாதுகாப்பின் அடையாளம் அது. அதே மாநகரில், பூசா பகுதியில் அமைந்துள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்திற்கு டாக்டர் பட்டத்துடன் வரும் இளம் விஞ்ஞானிக்கு இப்பாதுகாப்பு உடனே கிட்டுவதில்லை. பெரும்பாலும் முதலில் கிடைப்பது குறித்த காலத்திற்கான ஆராய்ச்சிப் பணியே ஆகும்.

இந்த ஆய்வுக்கூடத்திற்கு 1947 ஜனவரி 4-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார்; 1950 ஜனவரி 21-ஆம் நாள் சர்தார் படேல் திறந்து வைத்தார். முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன். கல்கத்தாவில் ராமனுடன் இணைந்து ஒளிச் சிதறலை ஆராய்ந்தவர் அவர். பின்னர் டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்புகளில் ஈடுபட்டார். ஒளியியலும் பொருளியல்பு விஞ்ஞானமும் ஒருவரது ஆராய்ச்சி வாழ்வில் இணையக்கூடும் என்பதற்கு அவரே சான்று.

இவ்விரு துறைகளும் நாட்டின் அன்றாடத் தேவையோடு பிணைந்தவை. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் எல்.ஈ.டி. விளக்குகள் நாடெங்கும் வழங்கப்பட்டன. ஒரு விளக்கு உமிழும் மொத்த ஒளியை அளக்க, உட்புறம் வெண்பூச்சிட்ட உள்ளீடற்ற கோளத்தினுள் அதனை எரியவிடுவர். எத்திசையில் செல்லும் ஒளியும் சுவரில் பலமுறை பட்டுச் சீராகப் பரவுகிறது. சுவரில் ஓரிடத்தில் பொருத்திய உணர்கருவி அதனை அளக்கிறது. இங்கு அளவிடுவது ஒளியியல். பூச்சின் தரத்தை நிர்ணயிப்பது பொருளியல்பு விஞ்ஞானம். பூச்சு மங்கினால் அளவு பிழைபடும். அளவு பிழைபட்டால் விளக்கின் தரம் தவறாக மதிப்பிடப்படக்கூடும்.

இத்தகைய அளவீட்டுத் திறன் நூலறிவால் மட்டும் வருவதன்று. ஒரே கருவியுடன் பல ஆண்டுகள் பழகியே பெறத்தக்கது. குறித்த காலப் பணியின் இடர்ப்பாடு இங்குதான் எழுகிறது. கை தேர்ந்த வேளையில் பணிக்காலம் முடிந்து விஞ்ஞானி வெளியேறினால், அவருடைய அனுபவமும் உடன் சென்றுவிடுகிறது.

இச்சிக்கல் புதிதன்று. வெளிநாடுகளில் பயின்று திரும்பிய விஞ்ஞானிகள் தக்க பணி கிடைக்கும்வரை நாட்டிலேயே ஆராய்ச்சியைத் தொடர, 1958-இல் 'விஞ்ஞானிகள் தொகுப்பு' என்னும் திட்டம் வகுக்கப்பட்டது. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் அதனை நடத்தியது. திறமையுள்ளோரை நாட்டில் நிறுத்த இடைக்கால உதவி தேவை என்பதை அரசு அன்றே உணர்ந்திருந்தது. எனினும் இடைக்கால உதவி நிரந்தரப் பணிக்கு ஈடாகாது.

எனவே, இத்துறையை நாடும் மாணவர்கள் ஆய்வுக் கட்டுரைகளோடு நின்றுவிடாமல், கருவி அமைத்தல், அளவுப் பிழையைக் கணித்தல் ஆகியவற்றிலும் தேர்ச்சி பெறுதல் நலம். இத்திறன்கள் தொழிற்சாலைகளுக்கும் சோதனைக் கூடங்களுக்கும் பயன்படும். நிர்வாகிகளோ, பணிக்காலம் முடியும் முன்பே காலியிடங்களை அறிவித்து, தேர்வை உரிய காலத்தில் முடிக்க வேண்டும். கருவிகளை வாங்கப் பணம் போதும். அவற்றைக் கையாளும் விஞ்ஞானியை உருவாக்கக் காலமும் வேண்டும்.