ஆண்மலடும் சுண்டெலி ஆராய்ச்சியும்

‘மலடி’ என்னும் சொல் நம் வழக்கில் நன்கு பழகிப்போன சொல். ‘மலடன்’ என்னும் சொல்லோ அரிதாகவே செவியில் விழுகிறது. பிள்ளைப்பேறு வாய்க்காத வீட்டில், குறை பெண்ணுடையதே என்று ஆராயாமல் முடிவு கட்டிவிடும் வழக்கத்தையே இவ்வேறுபாடு காட்டுகிறது. உண்மை அதுவன்று. பிள்ளைப்பேறற்ற தம்பதியருள் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில் ஆணின் குறையும், தனித்தோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ, காரணமாய் இருக்கிறது என்பது மருத்துவர் கண்ட முடிவு. ஆடவர் பலரிடம் அக்குறை எதனால் வந்தது என்பது இன்னும் விளங்கவில்லை. அதனைத் தேடும் அறிஞர்க்குப் பெருந்துணையாய் இருப்பது சிறு சுண்டெலி.

சுண்டெலி மூன்று வாரத்தில் குட்டி ஈனும். அக்குட்டி இரண்டு மாதத்திற்குள் இனம் பெருக்கும் பருவம் எய்தும். அதன் மரபணுக்களுள் மிகப் பலவற்றுக்கு நிகரானவை நம் உடலிலும் உள்ளன. மனிதரிடம் செய்யத்தகாத சோதனையை அதனிடம் செய்து பார்க்க இயலும்.

அச்சோதனை யாது? வாக்கியத்தில் ஒரு சொல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை மாணவர்க்கு விளக்க நாம் என்ன செய்கிறோம்? அச்சொல்லை நீக்கிக் காட்டுகிறோம். “கண்ணன் இனிய பாடல் பாடினான்” என்பதில் ‘இனிய’ என்பதை நீக்கினாலும் வாக்கியம் நிற்கும். ‘பாடினான்’ என்பதை நீக்கினால் நில்லாது. அறிஞரும் இவ்வாறே ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து, அந்த ஆண் சுண்டெலியால் குட்டிகள் பிறக்கின்றனவா என்று பார்க்கின்றனர்.

இம்முறையின் ஆற்றலை 2005ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு ஒசாகா பல்கலைக்கழக அறிஞர் வெளியிட்ட ஆராய்ச்சி நன்கு காட்டியது. விந்தணுவின் மேலுள்ள ஒரு புரதத்திற்கு அவர்கள் ‘இசுமோ’ என்று பெயரிட்டனர். அது திருமணத்திற்குரிய ஜப்பானியக் கோயில் ஒன்றின் பெயர். அப்புரதம் இல்லாத ஆண் சுண்டெலிகளின் விந்தணுக்கள் தோற்றத்தில் குறையின்றி இருந்தன. முட்டையின் மேலுறையையும் துளைத்துச் சென்றன. ஆயினும் முட்டையோடு ஒன்றுகலக்க அவற்றால் இயலவில்லை. அவ்விந்தணுவையே ஊசியால் முட்டைக்குள் செலுத்தியபோது கரு வளர்ந்தது. ஆகவே, குறை ‘கலத்தல்’ என்னும் அந்த ஒரு படியில்தான் என்பது தெளிவாயிற்று. இசுமோ பற்றிக்கொள்ளும் முட்டையின் புரதத்தை 2014இல் இங்கிலாந்தின் சாங்கர் ஆராய்ச்சி நிலைய அறிஞர் கண்டுபிடித்து, உரோமரின் திருமணத் தெய்வமான ‘ஜூனோ’வின் பெயரைச் சூட்டினர்.

முன்னாளில் ஒரு மரபணுவை நீக்கிய சுண்டெலியை உருவாக்க ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஜெனிபர் டவுட்னா, இம்மானுவேல் ஷார்பான்டியே ஆகிய இரு பெண்மணிகள் 2012இல் வெளியிட்ட ‘கிரிஸ்பர்’ முறை அவ்வேலையைச் சில மாதங்களாகச் சுருக்கியது. 2020ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. இம்முறையில், குறித்த இடத்தைக் காட்டும் ஓர் ஆர்.என்.ஏ. இழையும் அங்கே வெட்டும் ‘காஸ்-9’ என்னும் புரதமும் கருவுற்ற முட்டைக்குள் செலுத்தப்படுகின்றன. உயிரணு வெட்டுவாயை ஒட்டும்போது ஓரிரு ‘எழுத்துகள்’ விடுபடும் அல்லது மிகும். மரபணுவின் பொருள் கெடும். அம்முட்டையை வளர்ப்புத்தாயின் கருக்குழாயில் வைத்து, பிறக்கும் குட்டிகளிலிருந்து தேவையான வழியினைப் பெருக்குகின்றனர்.

இவ்வாறு விரைவாக ஆராய முடிந்ததும் ஒரு வியப்பு வெளிப்பட்டது. விந்தகத்திலேயே மிகுதியாகச் செயற்படுவனவும் மனிதரிடத்தும் உள்ளனவுமான மரபணுக்களுள் 54ஐ, ஒசாகா அறிஞரும் அமெரிக்க அறிஞரும் சேர்ந்து, கிரிஸ்பர் முறையாலும் பழைய முறையாலும் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தனர். அவற்றுள் ஒன்றுகூடத் தனித்த நிலையில் இன்றியமையாததன்று என 2016இல் அவர்கள் அறிவித்தனர். ஆண் சுண்டெலிகள் குட்டிகளைத் தந்துகொண்டே இருந்தன!

இது வீண் உழைப்போ? அன்று. ஓரிடத்தில் மிகுதியாகக் காணப்படுவதாலேயே ஒன்று அங்கே இன்றியமையாததாகிவிடாது என்பதை அது மெய்ப்பித்தது. பிறர் அதே சோதனையை மீண்டும் செய்து காலத்தையும் உயிர்களையும் வீணாக்காமலும் காத்தது. ‘இல்லை’ என்பதும் ஒரு விடையே.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. ஒரு மரபணுவின் வேலையை மற்றொன்று ஏற்றுச் செய்யலாம். போட்டியில்லாத கூண்டில் தேவைப்படாதது வெளியுலகில் தேவைப்படலாம். சுண்டெலியிடம் கண்ட முடிவை மனிதரிடத்தும் சரிபார்த்த பிறகே ஏற்றல் வேண்டும். பிள்ளையற்ற ஆடவரிடம் ஒரு மரபணு மாற்றம் காணப்பட்டால், அதே மாற்றத்தைச் சுண்டெலியில் உண்டாக்கி, அதுதான் காரணமா என்று ஆராய்வது இன்றைய நெறி. ஆங்குத் திருத்தப்படுவது சுண்டெலியின் மரபணுவே, மனிதருடையதன்று.

இசுமோ புகட்டும் பாடம் ஒன்று உண்டு. தோற்றத்தில் குறையற்ற விந்தணுவும் கடைசிப் படியில் தோற்கலாம். அங்ஙனமிருக்க, கணவனைச் சோதித்தும் பாராமல் மனைவிமேல் பழி சுமத்துவது எவ்வாறு அறமாகும்? மருத்துவமனைக்கு இருவரும் சேர்ந்தே செல்லுதல் வேண்டும். சொல்லின் பொருளைக் கற்பிக்கும் நாம், ‘மலடி’ என்னும் சொல் ஆராயாமல் வழங்கிய தீர்ப்பு என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைப்போமாக.