ஊசியும் நூலும் உலை அரிசியும்

கைத்தொழில் தெரிந்தால் கஷ்டமில்லை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால், கையில் அற்புதமான தொழில் இருந்தும் வயிறு நிறையச் சாப்பிட முடியாத பெண்கள் நம் நாட்டில் எத்தனை பேர்! கைவினைக் கண்காட்சிக்குப் போகும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். ஆயிரக்கணக்கில் விலை போட்டு மாட்டியிருக்கிறார்களே இந்தச் சேலை, இதில் பூவேலை செய்தவள் வீட்டு உலைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும்?

லக்னோ சொல்லும் பாடம்

லக்னோவின் 'சிக்கன்' வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாப்பிடுகிற சிக்கன் இல்லை. மெல்லிய துணியில் வெள்ளை நூலால் செய்யும் பூவேலை! வியாபாரி துணியில் அச்சுக் குத்தி ஏஜெண்டிடம் கொடுப்பார். ஏஜெண்டு ஒரு பெண்ணிடம் கொடுப்பார். அவள் தன்னைவிட ஏழையான இன்னொருத்தியிடம் கொடுப்பாள். ஒவ்வொரு கை மாறும்போதும் கூலி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கோஷா வழக்கத்தினால் வெளியே அதிகம் போகாத பெண்களுக்குக் கடைத்தெரு விலை தெரிய வழியே இல்லை. இவர்களுடைய கஷ்டத்தை வைத்துத்தான் முசாபர் அலி 1986-ல் 'அஞ்சுமன்' என்ற படத்தை எடுத்தார். ஷபானா ஆஸ்மி நடித்தது.

1984-ல் ரூனா பானர்ஜியும் அவருடைய தோழிகளும் லக்னோவில் 'சேவா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்தது ரொம்ப எளிமையான காரியம். நடுவில் ஆளே இல்லாமல், துணியை நேராகப் பெண்ணிடம் கொடுத்தார்கள். கூலியையும் நேராக அவள் கையில் கொடுத்தார்கள். பெரிய ஊர்களில் கண்காட்சி போட்டு விற்றார்கள். ஊசி அதேதான், தையலும் அதேதான். பணம் வரும் வழி மட்டும்தான் மாறியது.

ஊரை விட்டுப் போகாத குடும்பங்கள்

குஜராத்தின் கட்ச் பகுதியில் 1969-ல் கடும் வறட்சி. நிவாரண வேலைக்காகத் தனேட்டி என்ற கிராமத்துக்குப் போன சந்தா ஷ்ராஃப், அங்கே பெண்கள் உடுத்தியிருந்த பாவாடைகளின் பூவேலையைக் கண்டு அசந்து போனார். இலவசச் சாப்பாடு வாங்க அந்த மக்களுக்குக் கூச்சம். உழைத்த காசென்றால் வாங்கத் தயார். 30 சேலைகளை அவர்களிடம் கொடுத்துப் பூவேலை செய்யச் சொல்லி, பம்பாயில் விற்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஸ்ருஜன்' அமைப்பு. இதற்காக 2006-ல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

அதே குஜராத்தில் பனாஸ்காந்தா வறண்ட பூமி. மழை பொய்த்தால் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு கூலி தேடிப் புறப்பட்டுவிடும். குழந்தைகளின் பள்ளிக்கூடமும் அத்தோடு போச்சு! பாட்டி காலத்துப் பூவேலைத் துணிகளை வியாபாரிகள் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போவார்கள். இலா பட் 1972-ல் அகமதாபாத்தில் தொடங்கிய 'சேவா' சங்கம், 1988-ல் இங்கே வேலையை ஆரம்பித்தது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஆர்டர் வாங்கித் தைத்தார்கள். வந்தது பெரிய தொகை இல்லைதான். ஆனால் மழை இல்லாத மாதத்திலும் வந்தது! அதனால் பல குடும்பங்கள் ஊரை விட்டுப் போகாமல் தங்க முடிந்தது.

ஏழை வீட்டில் இதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பெரிய தொகையைவிட, வாராவாரம் வரும் சின்னத் தொகைதான் வட்டிக்காரனை வாசலுக்கு வரவிடாமல் காக்கும்.

நேரத்துக்குக் கூலி எங்கே?

எங்கள் தெருவில் ஒயர் கூடை பின்னும் ஒரு பெண், "கூடையை 400 ரூபாய்க்கு வித்துட்டேன், அக்கா" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

"ஒயர் எவ்வளவு ஆச்சு?"

"180. போக வர பஸ்ஸுக்கு 20."

"பின்ன எத்தனை மணி நேரம் ஆச்சு?"

"அதை யாருக்கா கணக்குப் பார்த்தா? டி.வி. பார்த்துக்கிட்டே பின்னுறதுதானே!"

கேட்டுக் கேட்டுக் கணக்குப் போட்டோம். பத்து மணி நேரம். அப்படியானால் மணிக்கு 20 ரூபாய்தான்! அவள் முகம் வாடிவிட்டது. ஆனால் அடுத்த கூடைக்கு விலையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாள்.

உங்கள் பகுதியில் மாதர் குழுவோ, கைவேலைத் திட்டமோ ஆரம்பித்தால், சேருவதற்கு முன்னால் இந்த நாலு கேள்விகளைக் கேளுங்கள்.

1. கூலியை யார் நிர்ணயிக்கிறார்கள்? அதில் நம் நேரத்துக்கும் கணக்கு உண்டா?

2. பணம் எப்போது கிடைக்கும்? சாமான் கொடுத்த அன்றா, விற்ற பிறகா?

3. யார் கையில் கிடைக்கும்? நம் பெயரில் பாங்குக் கணக்கு இருக்கிறதா? அகமதாபாத்தில் 1974-ல் 4,000 பெண்கள் ஆளுக்குப் 10 ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென்று ஒரு பாங்கையே ஆரம்பித்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

4. பயிற்சி முடிந்ததும் வாங்குவது யார்? சர்ட்டிபிகேட்டை வைத்து அரிசி வாங்க முடியாது!

கண்ணும் முதுகும்

வருமானக் கணக்கில் விட்டுப் போகும் இன்னொரு செலவு உடம்பு. மங்கலான விளக்கில் ஊசி பிடித்தால் கண்கள் களைத்துப் போகும், தலைவலி வரும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். முதுகுக்குச் சுவரோ தலையணையோ இருக்கட்டும். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து, தூரத்தில் இருப்பதைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் ஊசி கோக்கச் சிரமப்பட்டால், கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுக்கொள்வதே நல்லது. தள்ளிப் போடாதீர்கள்.

வாங்குகிற நமக்கும் ஒரு பங்கு உண்டு, சகோதரிகளே! மெஷினில் அடித்த பூவையும் கையால் போட்ட பூவையும் ஒரே விலைக்குக் கேட்கிறோம். அடுத்த தடவை துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒருத்தி குனிந்து உட்கார்ந்த நேரம். "ஐம்பது ரூபாய் குறைத்துக்கொள்" என்று நாம் பிடிவாதம் பிடிக்கும்போது, அது கடைக்காரர் லாபத்திலிருந்து குறைவது அபூர்வம். ஊசி பிடித்தவள் கூலியில்தான் முதலில் கை வைப்பார்கள்.