35 மூட்டை 24 ஆனது எப்படி?

சென்னை கல்மண்டபம் பக்கத்து லாரி புக்கிங் ஆபீஸுக்கு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் தேவைதான். ஊசிகள் ரிப்பனில் குத்துவதால், கார்பன் வைத்த மூன்று நகலும் ஒரே அடியில் விழும். லேசர் பிரிண்டருக்கு அந்தக் குத்து கிடையாது.

பிரிண்டர் உழைக்கும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பேரலல் போர்ட்தான் மண்டையைப் போடும். கரண்ட் இருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிச் செருகினால் சில்லு பழுதாகலாம். உப்புக் காற்றும் சும்மா இருக்காது. போர்ட்டின் ஊசிகளில் களிம்பு ஏற்றிவிடும்.

25 ஊசி பேரலல் போர்ட்டில், 2 முதல் 9 வரையிலான ஊசிகள் ஓர் எழுத்தின் எட்டு பிட்டுகளையும் ஒரே சமயத்தில் அனுப்பும். 1ஆம் ஊசி ‘எடுத்துக்கொள்’ என்று தட்டும். 11ஆம் ஊசி வழியே பிரிண்டர் ‘பொறு’ என்னும். சரி, மிகச் சிறிய பிட்டை (மதிப்பு 1) ஏந்தும் 2ஆம் ஊசி செத்து எப்போதும் பூஜ்யமே காட்டினால்? ‘3’க்கான குறியெண் 51, அது 50 ஆகி ‘2’ அச்சாகும். ‘5’ இருந்த இடத்தில் ‘4’. பில்லில் 35 மூட்டை, 24 மூட்டை! இரட்டைப்படை இலக்கங்கள் மட்டும் அப்படியே வரும்.

போர்ட் போய்விட்டால், ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் யூஎஸ்பி–பேரலல் கேபிள் கேட்டு வாங்கலாம். மறுமுனையில் 36 முனை சென்ட்ரானிக்ஸ் செருகி இருக்க வேண்டும். ஆனால் விண்டோஸுக்கு அது யூஎஸ்பி பிரிண்டர். பழைய டாஸ் பில்லிங் புரோகிராமோ எல்பிடி1 என்னும் பேரலல் போர்ட்டைத் தேடும். பிரிண்டரை ஷேர் செய்து, ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி1-ஐ அங்கே திருப்பிவிட வேண்டும். போர்ட்டையே நேரடியாகத் தொடும் புரோகிராம் என்றால் இதுவும் பலிக்காது. அப்போது உண்மையான பேரலல் போர்ட்தான் வேண்டும்.