குட்டி காருக்கு வேறு கார் சக்கரம்! நாலு நட்டில் நாலு பேர் உயிர்!!

பார்த்தால் ஒரே மாதிரி இருக்கிறது. இதிலும் நாலு ஓட்டை, அதிலும் நாலு ஓட்டை. ஆனால் மாட்டினால் ஆபத்து!

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில் வசிக்கும் ஒரு கிளார்க்கிடம் பழைய மாருதி-800 இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1983-ம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்து, 2014-ல் தயாரிப்பு நின்றுபோன அதே குட்டி கார்தான்.

அதன் சக்கரம் 12 அங்குலம். மழை பெய்தால் வட சென்னை சுரங்கப்பாதைகள் குளம் ஆகிவிடும். பள்ளத்தில் இறங்கினால் அடி தட்டும்.

"பெரிய சக்கரம் மாட்டிடலாமா?" என்ற ஆசை வருகிறது. நேரே புதுப்பேட்டைக்கு பஸ் ஏறுகிறார். அங்கே பளபளவென்று பழைய சக்கரங்கள் குவிந்து கிடக்கின்றன.

இங்கேதான் வினை!

14 மில்லி வித்தியாசம்

மாருதி-800 சக்கரத்தில் நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் குறுக்களவு 114.3 மில்லி மீட்டர். சான்ட்ரோ, முதலில் வந்த ஸ்விப்ட் கார்களில் இது 100 மில்லிதான். மெக்கானிக்குகள் இதை "பி.சி.டி." என்பார்கள்.

"அதுக்கென்ன சார், ஓட்டையைக் கொஞ்சம் ராவிட்டா உட்கார்ந்துடும்" என்று எவராவது சொன்னால் அவரைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்! ராவிய ஓட்டையில் நட்டு முழுசாகப் பதியாது. ஓரத்தில் மட்டும் கவ்வும். வண்டி ஓட ஓட அதிர்ந்து நட்டு கழலும், போல்ட்டு முறியும், சக்கரம் தனியே ஓடும்.

நட்டும் அப்படியே. மாருதியின் மரை வேறு, சான்ட்ரோவின் மரை வேறு. ஒன்றை மற்றொன்றில் பலவந்தமாக முறுக்கினால் மரை வழுக்கிவிடும்.

ஜென் சக்கரம்

அதே கம்பெனியின் ஜென் கார் சக்கரம் 13 அங்குலம். நட்டு வட்டமும் 114.3 மில்லிதான். மாட்டினால் உட்காரும்.

ஆனால் லாபம் எவ்வளவு தெரியுமா? டயர் அகலமும் பக்கச்சுவரும் மாறாவிட்டால், கார் உயர்வது வெறும் அரை அங்குலம்!

மைல் மீட்டரும் பொய் சொல்லும். முள் 60 காட்டும்போது கார் ஏறக்குறைய 63 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்.

நாலு பேர் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசினால், அந்தச் சக்கரம் வேண்டவே வேண்டாம்.

ஜெயிலும் உண்டு

தயாரித்த கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அடித்துச் சொன்னது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். ஆகவே கைவைக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்வது நல்லது.

அளந்து பாருங்கள்

சக்கரம் வாங்குமுன் ஒரு ஸ்கேல் போதும். எதிரெதிரே உள்ள இரண்டு ஓட்டைகளின் நடுவில் இருந்து நடுவுக்கு அளக்கவேண்டும். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக முறுக்கவேண்டும். 50 கிலோ மீட்டர் ஓடியபின் மறுபடியும் முறுக்கிப் பார்க்கவேண்டும்.

அரை அங்குல உயரத்துக்கு ஆசைப்பட்டு, பின் சீட்டில் இருக்கும் பெண்டாட்டி பிள்ளைகளைப் பணயம் வைக்கலாமா?