மரப்பாச்சிக்குப் புடவையா? பூ சின்னதா இருக்கணும்!

கொலுவுக்காகப் பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கினால், மற்ற பொம்மைகளெல்லாம் பெயின்ட்டிலேயே பட்டுடுத்திக்கொண்டு நிற்கும். பாவம், மரப்பாச்சிக்கு மட்டும் நாம்தான் துணி தேடித் தைத்துப் போட வேண்டும். "ரெடிமேடா விக்கிறாங்களே" என்பீர்கள். எல்லாம் ஜிகினாத் துணி! மாட்டிப் பார்த்தால் செம்மரப் பொம்மையின் அழகே போய், டான்ஸ் புரோகிராமுக்கு வந்தவள் மாதிரி ஆகிவிடும். அதனால் நான் வீட்டிலேயே தைக்கிறேன். தையல் பெரிய வித்தை இல்லை, துணி கிடைப்பதுதான் கஷ்டம்.

என்னிடம் இருக்கும் ஜோடி 10 அங்குல உயரம். நாம் 5 அடி, அதாவது 60 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் பொம்மை நம்மில் ஆறில் ஒரு பங்கு. அப்போது துணியில் அரை அங்குலப் பூ இருந்தால், நாம் 3 அங்குலப் பூப்போட்ட புடவை கட்டின மாதிரி பொம்மைக்குத் தெரியும். ஒரு அங்குல ரோஜா என்றால் கேட்கவே வேண்டாம், மார்பிலே ஒன்று, முதுகிலே ஒன்று, அவ்வளவுதான் இடம்!

கடைக்காரரிடம் "சின்னப் பூ" என்று கேட்டால் அவர் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிவதைத்தான் எடுத்துப் போடுவார். அதனால் நான் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 2 அங்குலச் சதுரமாக ஓட்டை வெட்டி மணிபர்சில் வைத்திருக்கிறேன். துணி மேல் அட்டையை வைத்து, ஓட்டைக்குள் எட்டுப் பத்து பூவாவது முழுசாகத் தெரிந்தால்தான் வாங்குவேன். ஒரு கடையில் விற்பனைப் பையன் சிரித்தான். சிரிக்கட்டுமே!

பூ மட்டும் சின்னதாக இருந்தால் போதாது. பாப்ளின் மாதிரி விறைப்பான துணி என்றால் கொசுவம் விசிறி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். மெல்லிய மல், வாயில், ரவிக்கைக்கு எடுக்கிற டூ பை டூ இவைதான் உடம்போடு படியும். முதலில் அலசிக் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும்.

இனி எங்கே கிடைக்கும் என்று பார்ப்போம். கைக்குழந்தைகளுக்கு ஜபலா, கவுன் தைக்கும் துணியில் பொடிப்பூ நிறைய உண்டு. நம் பிள்ளைகளின் பழைய ஜபலா இருந்தால் இன்னும் நல்லது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும். ஜெய்ப்பூர் பக்கத்தில் சங்கநேர் என்ற ஊரில் வெள்ளைத் துணியில் மர அச்சு வைத்துச் சின்னச் சின்னப் பூ போடுகிறார்கள். கண்காட்சிகளில் அந்தத் துணி வந்தால் விடாதீர்கள். கலம்காரி வேண்டாம், அழகுதான், ஆனால் ஒரு மயிலே பொம்மை முழுவதையும் மூடிவிடும். நைட்டித் துணியும் அப்படித்தான். ஆண் மரப்பாச்சிக்கு கவலையே இல்லை, கிழிந்த நாலு முழ வேட்டியின் கரையோரம் போதும். அங்கவஸ்திரமும் அதிலேயே வந்துவிடும்.

ஆனால் நான் சொல்வேன், மரப்பாச்சிக்கு மதுரைச் சுங்குடியை மிஞ்சின துணி கிடையாது. துணியை நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்த்தால் வருவதுதான் அந்தப் புள்ளி. 2005-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது விளக்குத்தூண் பக்கம் போனால் சுங்குடி என்ற பெயரில் அச்சடித்ததுதான் அதிகம் கிடைக்கிறது, அதிலும் பெரிய பெரிய டிசைன். கையால் கட்டின பொடிப்புள்ளி வேண்டுமென்றால் தேடித்தான் பிடிக்க வேண்டும். புடவையாகத்தான் எடுக்கணும், பொம்மைக்காக யார் அரை மீட்டர் வெட்டிக் கொடுப்பார்கள்?

எங்கள் அம்மாவிடம் ஒரு அரக்குச் சுங்குடி இருந்தது. மிளகளவு புள்ளி. அம்மா போன பிறகு அது என் பங்குக்கு வந்தது, மரப்பாச்சி ஜோடியும் அவர் கல்யாணத்துக்கு வந்ததுதான். போன வருஷம் அந்தப் புடவையிலேயே பொம்மைக்கு எடுக்கப் போகிறேன் என்றதும் என் தங்கைக்கு வந்ததே கோபம்! "அம்மா கட்டின புடவையில கத்திரி வைக்க உனக்கு எப்படிக்கா மனசு வருது?" என்று போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பீரோவில் மடித்தே வைத்தால் மடிப்பு மடிப்பாக இற்றுப்போகும், அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

முந்தானையைத் தொடவில்லை. உள்ளே சொருகுகிற முனையில் ஃபால்ஸைக் கொஞ்சம் பிரித்துவிட்டு, அரை மீட்டர் மட்டும் வெட்டினேன். மீதியை ஓரம் அடித்து இன்றைக்கும் நான் கட்டுகிறேன், குறைந்ததே தெரியாது. வெட்டின துண்டில் குறுக்கு வாட்டத்தில் ஏழரை அங்குல அகலம், 36 அங்குல நீளம். நம் புடவையை ஆறால் வகுத்தால் அதே கணக்குதான். ஆனால் இடுப்பில் அத்தனை சுற்று சுற்றினால் பொம்மை பீப்பாய் ஆகிவிடும். உள்ளே மறையும் சுற்றை எடுத்துவிட்டு 26 அங்குலம் வைத்தேன். ஓரத்தில் கால் அங்குல ஜரிகை லேஸ், ஒற்றை நூலில் கைத்தையல். கொசுவத்தை நான்கு தையலில் பிடித்துவிட்டால் ஒன்பது நாளும் கலையாது.

தங்கை சரஸ்வதி பூஜையன்று வந்தாள். கொலுப்படி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். ஒன்றும் பேசவில்லை. மரப்பாச்சியைக் கையில் எடுத்து, முந்தானை மடிப்பைச் சரிசெய்து, வைத்துவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டாள்.

அந்தத் துண்டில் இன்னொரு புடவைக்குத் துணி மீதி இருக்கிறது. இந்த வருஷம் அதை எடுக்கப் போவதில்லை, வேறு நிறத்தில் கையால் கட்டின பொடிப்புள்ளி தேடிக்கொண்டிருக்கிறேன். சின்னாளப்பட்டி, பரமக்குடி பக்கத்து சகோதரிகள் யாருக்காவது கிடைக்கும் இடம் தெரிந்தால் இந்தப் பகுதிக்கே எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, திருமங்கலம்