மந்தநிலை வந்தால் 'பேப்பர் போடுவது' குறைவது ஏன்? எளிய விளக்கம்

பொருளாதார மந்தநிலை என்றாலே ஆட்குறைப்புதான் நினைவுக்கு வரும். அப்போது கம்பெனிகளில் ஆட்கள் மாறுவதும் அதிகமாகும் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நடப்பது நேர் எதிர்!

இரண்டும் ஒன்றல்ல

50 பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியில் 5 பேர் விலகி, வேறு 5 பேர் சேர்ந்தால் ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள்; பணியிடம் குறையவில்லை. அந்த 5 இடங்களையும் நிரப்பாமல் விட்டால், பணியிடமே போய்விட்டது என்று அர்த்தம். மந்தநிலையில் இரண்டாவது வகை கூடும், முதல் வகை குறையும்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

2007 டிசம்பர் முதல் 2009 ஜூன் வரை அங்கே பெரும் மந்தநிலை. அதற்கு முன் மாதத்துக்கு சுமார் 18 லட்சமாக இருந்த பணிநீக்கம், 2009 தொடக்கத்தில் 25 லட்சத்தைத் தொட்டது. அதே காலத்தில், தாங்களாகவே வேலையை விடுவோர் எண்ணிக்கை சுமார் 28 லட்சத்திலிருந்து படிப்படியாகச் சரிந்து, 2009-க்குள் 17 லட்சத்துக்கு அருகில் வந்துவிட்டது. அதாவது, பணிநீக்கம் கூடியதை விட ராஜினாமா குறைந்ததுதான் அதிகம்.

ஏன் இப்படி?

"இருக்கிற வேலையும் போயிட்டா என்ன பண்றது?" என்ற பயம்தான் காரணம். 2009-ல் ஒரு காலியிடத்துக்கு 6 பேருக்கு மேல் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கம்மியாக இருந்தாலும், வேலை பிடிக்காவிட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். வெளியே ஆஃபர் இல்லாததால், சம்பள உயர்வு கேட்கும் பலமும் போய்விடுகிறது.

யாருக்கு அதிக அடி?

புதிதாகப் படிப்பு முடித்தவர்களுக்கு! சீனியர் ஒருவர் நகர்ந்தால் அந்த இடத்துக்கு ஜூனியர், ஜூனியர் இடத்துக்கு ஃப்ரெஷர் என்பதுதான் வழக்கமான சங்கிலி. மேலே யாரும் நகராவிட்டால் கீழே கதவு திறக்காது. மந்தநிலையில் பட்டம் பெற்றவர்களின் சம்பளப் பின்னடைவு சரியாக சுமார் 10 ஆண்டுகள் ஆகலாம் என்கிறது கனடாவில் நடந்த ஆய்வு.

இந்தியாவில்?

முழு மந்தநிலை இல்லாவிட்டாலும், ஐடி துறை தொய்வில் இதே போக்கு தெரிந்தது. டிசிஎஸ் நிறுவனத்தில் ஊழியர்கள் விலகும் விகிதம் 2022 செப்டம்பர் காலாண்டில் 21.5%. 2023 டிசம்பர் காலாண்டில் அது 13.3%.

எனவே, விலகுவோர் குறைந்தால் ஊழியர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. போக வேறு இடம் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.