இரண்டாவது ஊசி போட்டாயிற்றா?

தட்டம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி மாரியம்மனை வேண்டிக்கொள்வது நம் தோட்ட லயங்களின் வழக்கம். வேண்டுதலில் தவறில்லை, ஊசியும் வேண்டும், தாய்மார்களே!

மலேசியாவில் இந்தத் தடுப்பூசி 1982இல் வந்தது. இப்போது 9ஆம் மாதம் ஒன்று, 12ஆம் மாதம் ஒன்று. தோட்டம் விட்டு ஈப்போவுக்குக் குடிபெயரும் அலைச்சலில் இரண்டாவது விட்டுப்போவது எளிது. நோயாளி இருமிவிட்டுப் போன அறையில் கிருமி இரண்டு மணி நேரம்வரை தங்கும். அதனால்தான் நூற்றுக்கு 95 பேருக்காவது இரு ஊசியும் அவசியம் என்கிறார்கள்.

உலகில் 2000இல் ஏறக்குறைய 8 லட்சம் பேரைக் கொன்ற நோய், 2023இல் ஒரு லட்சத்துச் சொச்சமாகக் குறைந்தது. ஊசியின் புண்ணியம்! ஆனால் கிளந்தானில் குவாலா கோ கிராமத்துப் பூர்வகுடி மக்களிடம் 2019இல் அது உயிர்ப்பலி வாங்கியது.

பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டுங்கள். 12ஆம் மாதக் கட்டம் காலியா? வயது தாண்டியிருந்தாலும் அரசாங்க கிளினிக்கில் கேளுங்கள், போடுவார்கள்.